பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய அறிவித்தல்களைத் திரைவாசிப்பான் வாசிக்கிற மாதிரி மாற்றுவது எப்படி?

உவர்மலை_வலை கேட்டது:

வணக்கம். திருகோணமலை நகரத்திலுள்ள ஒரு சனசமூக நிலையத்துக்குப் புது இணையத்தளம் செய்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். உள்ளே வரவேண்டியவை: 2004 தொடக்கம் சேர்ந்த ஏறக்குறைய 600 அறிவித்தல்கள் (வேர்ட் கோப்பு, பழைய எச்டிஎம்எல் பக்கம், ஸ்கான் செய்த பிடிஎஃப் எல்லாம் கலந்து கிடக்கு), பஸ் நேர அட்டவணை, வாசிகசாலைப் புத்தகப் பட்டியல், அங்கத்துவ விண்ணப்பம்.

வாசகர்களில் விழிப்புலனற்ற சிலரும் இருக்கினம். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான்களாகக் கொம்பியூட்டரில் என்விடிஏயும் போனில் டோக்பேக்கும் பாவிக்கினம். மாதிரித் தளத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னவை இவை:

கண்ணுக்குத் ‘தமிழ்’ என்று தெரிகிற இடத்தில் காதுக்கு “ஜே கே பி ஓ செமிகோலன்” என்று கேட்குது. யுனிகோடில் எழுதிய புதுப் பக்கங்கள்கூடச் சிலருக்கு மௌனம், சிலருக்கு எழுத்தெழுத்தாக வருது. பஸ் அட்டவணையில் ‘5.30’ என்ற இலக்கம் கேட்குது, அது மூதூர் பஸ்ஸா மட்டக்களப்பு பஸ்ஸா என்று தெரியவில்லை. மாற்றிப் பார்த்த அறிவித்தல்களில் ‘நிலாவெளி’ என்று தேடினால் பாதிதான் அகப்படுது.

ஏரியா பண்புகளை (பக்கத்தின் உறுப்பு எது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்பவை) எங்கெங்கே போடவேண்டும்? பக்கத்தில் உள்ளது என்ன என்று இயந்திரத்துக்குச் சொல்லும் ஸ்கீமா குறியீடு போட்டால் இதெல்லாம் சரிவருமா?

ஒருங்குறித்_துறை எழுதியது:

தம்பி, ஏரியாவை இப்போதைக்கு ஒரு பக்கம் வையுங்கோ. எழுத்தே தமிழாக இல்லாத இடத்தில் எந்தப் பண்பைச் சேர்த்தும் பயன் இல்லை. பாமினி வெறும் உருவம். நீங்கள் ‘திருகோணமலை’ என்று காண்கிற சொல்லுக்குள் கிடப்பவை ஜே, பி, பெரிய யூ, பெரிய என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பானும் கூகுளும் உருவத்தைப் பார்ப்பதில்லை, இந்தப் பத்தைத்தான் பார்க்கின்றன.

வேர்ட் கோப்பிலிருந்து தொடங்குங்கோ. முழுக் கோப்பையும் அள்ளி இணைய மாற்றியில் ஒட்டவேண்டாம். ஒரே அறிவித்தலில் பாமினியும் டைம்ஸ் நியூ ரோமனும் கலந்திருக்கும். மாற்றிக்கு எல்லாம் ஒன்றுதான், மின்னஞ்சல் முகவரியையும் தமிழாக்கிவிடும். எது எந்த எழுத்துரு என்ற தகவல் கோப்புக்குள்ளேயே இருக்கு. பழைய டொக் கோப்புகளை லிப்ரே ஒஃபிஸ் கொண்டு டொக்எக்ஸ் ஆக்கி, பைதன்-டொக்எக்ஸ் நூலகத்தால் ஒவ்வொரு ரன்னின் (ஒரே வடிவமைப்புள்ள எழுத்துத் துண்டு) எழுத்துருப் பெயரையும் பார்த்து, பாமினி என்றால் மட்டும் மாற்றுங்கோ. இதில் இரண்டு பொறி உண்டு. சில ரன்னில் எழுத்துருப் பெயர் வெறுமையாக வரும். அது பத்தியின் ஸ்டைலிலிருந்து இறங்குகிறது என்று அர்த்தம், ஸ்டைலையும் பார்க்காவிட்டால் பாதி எழுத்து மாறாமல் நிற்கும். மற்றது, ஒரு சொல்லின் நடுவிலேயே ரன் முறியும். கொம்பு ஒரு ரன்னிலும் அதற்குரிய மெய் அடுத்ததிலும் கிடந்தால் இரண்டும் தனித்தனியே மாறி, கொம்பு அந்தரத்தில் நிற்கும். அடுத்தடுத்த பாமினி ரன்களை முதலில் ஒட்டிவிட்டு மாற்றுங்கோ.

மாற்று அட்டவணையை நீளமான சேர்க்கையிலிருந்து குறுகியதற்கு இறக்கவேண்டும். ‘கோ’ பாமினியில் பெரிய என், எஃப், எச் என மூன்றாக இருக்கும். எஃப்பை முதலில் ‘க’ ஆக்கிவிட்டால், யுனிகோடில் மெய்க்குப் பின்னால் வரவேண்டிய ஓகாரக் குறியின் கொம்பு முன்னால் மாட்டிக்கொள்ளும்.

பழைய எச்டிஎம்எல் பக்கங்களில் இன்னொரு வில்லங்கம். பாமினியில் ‘ஈ’ என்பது சிறியது குறி, காற்புள்ளி என்பது பெரியது குறி. எச்டிஎம்எல்லில் அந்த இரண்டும் டாக் குறிகள். ஒழுங்காகச் செய்தவர்கள் அவற்றை ‘அம்பர்சன்ட் எல்டி செமிகோலன்’ என்று எழுதியிருப்பார்கள். அதை அப்படியே மாற்றியில் போட்டால் எல் ‘ட’ ஆகும், டி ‘வ’ ஆகும், செமிகோலன் புள்ளி ஆகும். ‘ஈ’ வரவேண்டிய இடத்தில் ‘டவ்’ என்று நிற்கும். மாற்றிய கோப்புகளில் ‘டவ்’ என்று தேடிப் பாருங்கோ, ஏதாவது அகப்பட்டால் காரணம் இதுதான். இப்படிச் சுற்றி எழுதிய என்டிட்டிகளை முதலில் உரிய குறிகளாக அவிழ்த்து, பிறகு மாற்றி, கடைசியில் திரும்ப எஸ்கேப் செய்வதுதான் முறை.

இனி உங்கள் நிலாவெளி. பாமினியில் ஔகாரக் குறிக்குத் தனி எழுத்து இல்லை. கொம்பு, மெய், பிறகு ‘ள’ என்றுதான் தட்டுவார்கள். அதனால் ‘வௌவால்’ என்பதன் முதல் எழுத்தும் ‘வெளி’யின் தொடக்கமும் கோப்புக்குள் ஒரே மாதிரி. பேராசைப்பட்ட மாற்றி எல்லாவற்றையும் ஔகாரமாக எடுத்து ‘வெளி’யை வகரம், ஔகாரக் குறி, அதற்குப் பின்னால் ஒரு தனி இகரக் குறி என்று ஆக்கிவிடும். பல எழுத்துருக்களில் கண்ணுக்குச் சரியாகவே தெரியும். தேடலுக்கும் குரலுக்கும் அது வேறு சொல். நிலாவெளி, உப்புவெளி, வெளியீடு, வெள்ளம், எல்லாம் இப்படித்தான் போகும். திருத்துவது சுலபம்: ஔகாரக் குறியைத் தொடர்ந்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. அப்படி வருகிற இடமெல்லாம் அந்தக் குறியை ‘எகரக் குறி + ள’ என்று பிரித்து எழுத ஒரு ரெகெக்ஸ் (வடிவம் பார்த்துத் தேடி மாற்றும் விதி) போதும். எதிர்ப்பக்கப் பிழைக்கு, அதாவது கௌரி, மௌனம், கௌரவம், பௌர்ணமி போன்றவை எகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்பதற்கு, விதி கிடையாது. ஒரு சொற்பட்டியல் வைத்துத்தான் மாற்றவேண்டும்.

அதன்பின் எல்லாவற்றையும் யுனிகோடின் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு இயல்பாக்குங்கோ. ‘ஓ’காரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமம் என்கிறது, ஆனால் வெறும் சர ஒப்பீட்டுக்கு அவை வெவ்வேறு. தேடுபெட்டியில் வாசகர் தட்டுவதையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே தேடவேண்டும். பூச்சிய அகல எழுத்துகள் ஒளிந்திருந்தால் தேடல் சுட்டியிலிருந்து நீக்குங்கோ. ‘க’ இருக்கவேண்டிய இடத்தில் தமிழ் இலக்கம் ‘௧’ இருக்குதா, ‘எ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘௭’ இருக்குதா என்றும் பாருங்கோ.

பிடிஎஃப்களை உடனே ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்தல்) செய்யவேண்டாம். சுட்டியால் எழுத்தைத் தெரிவுசெய்ய முடிந்தால் அது ஸ்கான் இல்லை, உள்ளே பாமினி எழுத்தே கிடக்கும். அதை எடுத்து மாற்றுவது ஓசிஆரைவிடத் துல்லியம். உண்மையான ஸ்கானுக்கு 300 டிபிஐயில் டெசரக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளை, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழித் தரவும் சேர்த்து ஓட்டுங்கோ. ண–ன, ர–கால் குழப்பம் நிச்சயம் வரும். பெயரும் திகதியும் உள்ள வரிகளையாவது ஆள் பார்த்துத் திருத்தவேண்டும்.

நிலாவெளி_நிரலி எழுதியது:

யுனிகோட் பக்கம் மௌனமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஒரு வரி. ஆங்கில டெம்பிளேட் எடுத்திருப்பீர்கள், எச்டிஎம்எல் டாக்கின் லாங் பண்பில் ‘இஎன்’ என்றே கிடக்கும். அதை நம்பி என்விடிஏ ஆங்கிலக் குரலை எடுக்குது. ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சில குரல் எழுத்தெழுத்தாகச் சொல்லும், சில தாவிவிடும். தமிழ்ப் பக்கத்துக்கு ‘டிஏ’, சிங்களத்துக்கு ‘எஸ்ஐ’ என்று போடுங்கோ. விக்காக் என்ற இணைய அணுகல் வழிகாட்டியில் பக்கத்தின் மொழி 3.1.1, ஏ மட்டம். பக்கத்துக்குள் மொழி மாறும் பகுதி 3.1.2, ஏஏ மட்டம்.

இரண்டாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். மொழி மாற்றும் மூன்று இணைப்புகளையே எடுங்கோ. சிங்கள இணைப்பு சிங்கள எழுத்திலேயே இருக்கவேண்டும், அதற்கு லாங் ‘எஸ்ஐ’யும் வேண்டும். கொடிப் படம் போடவேண்டாம், கொடி நாட்டைக் குறிக்கும், மொழியைக் குறிக்காது. பட்டன்களில் ஏரியா-லேபிள் ஆங்கிலத்தில் மறைந்து கிடக்கும். கண்ணுக்குத் தெரியாததால் மொழிபெயர்ப்பவர் கையில் அது போவதே இல்லை. தமிழ்ப் பக்கத்தில் ‘குளோஸ்’, ‘மெனு’ என்று தமிழ்க் குரல் மென்று துப்பும். டெம்பிளேட் முழுவதும் ஏரியா-லேபிள், ஓல்ட், டைட்டில் மூன்றையும் தேடி எடுத்து மொழிபெயர்ப்புக் கோப்பில் சேருங்கோ.

சோதிக்க என்விடிஏ இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் என்ஜி பொறியில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருப்பதால் மும்மொழித் தளத்துக்கு வசதி. குரல் கொஞ்சம் இயந்திரம் மாதிரித்தான், ஆனால் மொழி மாறுவது சரியாகக் கேட்கும். பேச்சு அமைப்பில் தானாக மொழி மாறும் தெரிவு இயங்குதா என்று பாருங்கோ. கருவிகள் மெனுவில் பேச்சுக் காட்டியைத் திறந்தால் வாசிப்பது எழுத்தாகவும் ஓடும். எச் அழுத்தினால் தலைப்பு தலைப்பாகப் போகும், என்விடிஏ விசையோடு எஃப்7 அழுத்தினால் இணைப்பு, தலைப்புப் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் 600 அறிவித்தலுக்கும் ‘மேலும்’, ‘மேலும்’ என்று வந்தால் அது வாசகருக்குப் பெரிய அநியாயம். இணைப்பிலேயே அறிவித்தலின் தலைப்பை வையுங்கோ.

மூதூர்_வழித்தடம் எழுதியது:

பஸ் அட்டவணை பற்றி. ‘5.30’ தனியாகக் கேட்பது, தலைப்புக் கலங்கள் டிடி (சாதாரணக் கலம்) ஆக இருப்பதால். மேல் வரிசையும் இடப்பக்க நிரலும் டிஎச் (தலைப்புக் கலம்) ஆகவேண்டும், மேலே ஸ்கோப் ‘கொல்’, இடப்பக்கம் ஸ்கோப் ‘ரோ’. அப்போது கொன்ட்ரோல், ஓல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தி நகரும்போது ஊரின் பெயரும் நேரமும் சேர்ந்து வரும். கப்ஷன் (அட்டவணையின் தலைப்பு) கட்டாயம்: ‘திருகோணமலையிலிருந்து மூதூர், கிண்ணியா வழி, வார நாட்கள்’ என்பதுபோல. கலங்களை ஒன்றாக்க வேண்டாம். ஒரு கலம் மூன்று வரிசையை விழுங்கினால் கேட்பவர் வழி தவறுவார். வெறும் கலத்தில் ‘சேவை இல்லை’ என்று எழுதுங்கோ, கோடு போட்டால் அது வாசிக்கப்படாமலும் போகும்.

போனில் அட்டவணை வெளியே வழிகிறது என்று டேபிளுக்கு டிஸ்பிளே பிளொக் கொடுக்கிற பழக்கம் உண்டு. சில பிறவுசரில் அதோடு அட்டவணை என்ற தன்மையே போய்விடும். டேபிளைத் தொடாமல், வெளியே ஒரு டிவ் சுற்றி அதற்கு ஓவர்ஃப்ளோ-எக்ஸ் ஓட்டோ, டாப்இன்டெக்ஸ் பூச்சியம், ரோல் ரீஜன், கப்ஷனைச் சுட்டும் ஏரியா-லேபிள்ட்பை கொடுங்கோ. ஏரியாவுக்கு உண்மையில் வேலை இருக்கிற இடம் இந்த மாதிரி இடங்கள்தான்.

நேரத்தை 24 மணி முறையில் ‘05:30’ என்று எழுதினால் காலையா மாலையா என்ற கேள்வி எழாது. மூலத் தரவை அட்டவணைப் பக்கத்தில் வைத்துக் கையால் திருத்தாதீர்கள். பொதுப் போக்குவரத்துத் தரவுக்கான ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் வையுங்கோ: ஸ்டொப்ஸ், ரூட்ஸ், ட்ரிப்ஸ், ஸ்டொப்_டைம்ஸ் என்று சில சிஎஸ்வி கோப்புகள். மூன்று மொழி அட்டவணையும் அதிலிருந்தே பிறக்கட்டும். ஊர்ப்பெயரின் மூன்று மொழி வடிவத்துக்கு ட்ரான்ஸ்லேஷன்ஸ் கோப்பு, நேர வலயத்துக்கு ‘ஏசியா/கொழும்பு’. இரவு 22:00க்குக் கொழும்புக்குப் புறப்படும் பஸ் அடுத்த நாள் 04:30க்குப் போய்ச் சேருமென்றால், வருகையை 28:30:00 என்று எழுதவேண்டும். 04:30 என்று எழுதினால் புறப்பட முன்னமே போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு வந்து, சரிபார்ப்புக் கருவி பிழை காட்டும்.

உவர்மலை_வலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லாங் பண்பை மாற்றியதுமே மௌனம் தீர்ந்துது. ரெகெக்ஸும் ஓட்டினேன், நிலாவெளி இப்போது முழுதாக அகப்படுது. இனி மிச்சம் விண்ணப்பப் படிவம், ஸ்கீமா. படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, பட எழுத்துப் புதிர் உண்டு. இதில் எதைத் திருத்தவேண்டும்?

படிவம்_பார்ப்பவர் எழுதியது:

முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற பிரிவை எடுத்துவிடுங்கோ. எங்கள் ஆட்கள் தலைப்பெழுத்தும் பெயருமாக எழுதுகிறவர்கள். குடும்பப்பெயர்ப் பெட்டியில் தகப்பன் பெயரா, தன் பெயரா என்று தெரியாமல் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புவார்கள். ‘முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி, ஓட்டோகம்ப்ளீட் பண்பில் ‘நேம்’ போதும்.

அடையாள அட்டைக்கு டைப் ‘நம்பர்’ போட்டிருந்தால் பிழை. பழைய அட்டை ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸும், புதியது 12 இலக்கம். டைப் ‘டெக்ஸ்ட்’ ஆக வைத்து இரண்டு வடிவத்தையும் ஏற்கும் ‘பேட்டர்ன்’ பண்பு எழுதுங்கோ, சின்ன வி-யும் செல்லுபடியாகவேண்டும். எப்படி எழுதவேண்டும் என்ற குறிப்பைப் பெட்டிக்குள் சாம்பல் நிற எழுத்தாக வைக்காமல் லேபிளுக்குக் கீழே வைத்து, ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் இணையுங்கோ. பெட்டிக்குள் வைத்தால் தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், நிறமும் 4.5:1 மாறுபாட்டுக்குப் பெரும்பாலும் எட்டாது. தொலைபேசிக்கு டைப் ‘டெல்’.

பிழைச் செய்தி ‘தவறு’ என்று மட்டும் வரக்கூடாது. ‘அடையாள அட்டை இலக்கத்தில் 11 எண்கள்தான் உள்ளன, 12 வேண்டும்’ என்று வரவேண்டும். அனுப்பியபின் முதல் பிழையான பெட்டிக்கு ஃபோகஸ் போகட்டும்.

பட எழுத்துப் புதிரை நீக்குங்கோ. பார்வை இல்லாதவரை வாசலிலேயே மறிக்கிற பூட்டு அது. ஸ்பாமுக்குச் சேர்வர் பக்கத்தில் வேக வரையறையும் மறைபெட்டியும் (ஆட்களுக்குத் தெரியாத, ஸ்பாம் நிரல் மட்டும் நிரப்பும் பெட்டி) உங்கள் அளவுத் தளத்துக்குத் தாராளம். மறைபெட்டிக்கு டாப் விசையும் திரைவாசிப்பானும் போகாதபடி டிஸ்பிளே ‘நன்’ கொடுத்தே மறைக்கவேண்டும். வெறுமனே திரைக்கு வெளியே தள்ளினால் விழிப்புலனற்றவர் அதை நிரப்பிவிட, அவருடைய விண்ணப்பம் ஸ்பாமாகக் கழிந்துவிடும்.

விக்காக் 2.2 வந்தது 2023 ஒக்டோபர் 5. உங்களைத் தொடுகிறவை அதில் இரண்டு. மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் தலைப்பட்டை, டாப் விசையால் வரும் பெட்டியை முழுதாக மூடக்கூடாது. பட்டையின் உயரம் 64 பிக்சல் என்றால் எச்டிஎம்எல்லுக்கு ஸ்க்ரோல்-படிங்-டொப் 80 பிக்சல் கொடுத்தால் தீரும். சொடுக்கும் இடங்கள் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் வேண்டும், விலக்குகள் சில உண்டு. ஆண்டுவாரியாக அறிவித்தல் பக்க எண்களை 1, 2, 3 என்று நெருக்கி வைத்திருந்தால் அங்கேதான் தவறும். 320 பிக்சல் அகலத்திலும் ஒருக்கால் பாருங்கோ. தமிழ்ச் சொல் நீளம், ‘விண்ணப்பதாரர்களுக்கான’ போன்ற தலைப்புச் சொல் வெளியே வழியும். ஓவர்ஃப்ளோ-ராப் ‘எனிவேர்’ போட்டால் மடியும்.

ஒருங்குறித்_துறை எழுதியது:

ஸ்கீமா பற்றிக் கேட்டீர்கள். நேரே சொல்கிறேன்: ஸ்கீமா போட்டால் திரைவாசிப்பானில் ஒரு சொல்லும் மாறாது. அது தேடுபொறிக்கும் தரவு சேகரிப்பவர்களுக்கும் உரியது. 2011 யூனில் கூகுள், பிங், யாகூ சேர்ந்து தொடங்கியதே அதற்காகத்தான். உங்களுக்கு வேண்டியது சிறு துண்டு: ‘லைப்ரரி’ வகை, மூன்று மொழியில் பெயர், திறக்கும் நேரம், புவி ஆள்கூறு. எழுதும்போது அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23 என்ற ஒழுங்கைப் பாருங்கோ. மாறிப்போனால் நிலையம் ஆர்க்டிக் சமுத்திரத்தில் போய் நிற்கும். ‘எஃப்ஏகியூ’ (கேள்வி பதில்) வகையில் மினக்கெட வேண்டாம், 2023இல் கூகுள் அதன் விசேட காட்சியை அரசாங்க, சுகாதாரத் தளங்களுக்கு என்று சுருக்கிவிட்டது.

அதைவிட முக்கியம் எச்ரெஃப்லாங், பக்கத்தின் மற்ற மொழி வடிவங்களைத் தேடுபொறிக்குச் சொல்லும் பண்பு. மூன்று மொழிப் பக்கமும் தன்னையும் மற்ற இரண்டையும் சுட்டவேண்டும். தமிழ்ப் பக்கம் சிங்களத்தைச் சுட்டி, சிங்களப் பக்கம் தமிழைத் திரும்பச் சுட்டாவிட்டால் அந்தச் சோடி கணக்கில் எடுக்கப்படாது.

புத்தகப் பட்டியலில் ‘புக்’ வகை போடுவது பிரயோசனம். பழைய ஈழத்து நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் இராது. ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்க்கும் நூலகம் திட்டத்தில் மின்னாக்கமான நூலென்றால் அந்தப் பக்கத்தின் முகவரியை ‘சேம்அஸ்’ பண்பில் கொடுங்கோ, ஒரே நூல்தான் என்று இயந்திரத்துக்குச் சொல்ல அது நல்ல ஆதாரம். ஊர்ப்பெயர்களுக்கு விக்கித்தரவு உருப்படியைச் சுட்டலாம்.

உவர்மலை_வலை எழுதியது:

பக்க முகவரிகளைத் தமிழிலேயே வைக்கலாமா, அண்ணை? அதுதான் கடைசிக் கேள்வி.

ஒருங்குறித்_துறை எழுதியது:

வைக்கலாம், ஆனால் விளைவைப் பார்த்து முடிவெடுங்கோ. ‘திருகோணமலை’ யுனிகோடில் பத்துக் குறியீடு, ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக அந்த ஒரு சொல்லே 90 எழுத்தாக விரியும். வாட்ஸ்அப்பில் பிரதி எடுத்து ஒட்டினால் அறிவித்தல் இணைப்பு சதவீதக் குறிக் குவியலாகப் போய்ச் சேரும். ‘கோ’ இரண்டு குறியாகப் பிரிந்து எழுதப்பட்டிருந்தால் 99 எழுத்து, சேர்வருக்கு அது வேறு முகவரி, 404 (பக்கம் இல்லை) வரும். ஆங்கில எழுத்தில் ஆண்டும் இலக்கமும் மட்டும் வைத்து, தமிழ்த் தலைப்பைப் பக்கத்தின் டைட்டிலிலும் எச்1இலும் எழுதுங்கோ. பழைய எச்டிஎம்எல் பக்கங்களின் முகவரிகளை வீசாமல் ஒவ்வொன்றையும் புதியதற்கு 301 (நிரந்தரத் திருப்பல்) கொண்டு திருப்புங்கோ, ஆட்கள் சேமித்து வைத்த இணைப்புகள் இன்னும் அங்கேதான் சுட்டிக்கொண்டிருக்கும்.